நூற்றெட்டின் கணக்கு

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புடன் கேட்டபோது அடியேன் தயங்கினேன். சமயத் தத்துவங்களை விரித்துரைக்கும் அளவுக்குக் கற்றவன் அல்லன் நான். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். "அப்படியானால் கணக்கையே எழுதுங்களேன்" என்றார்கள். ஆகவே, நம் ஆலயங்களில் அன்றாடம் வழங்குகிற ஓர் எண்ணைப் பற்றி, ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்ததை மட்டும் மெய்யன்பர்களின் முன் வைக்கிறேன்.

அந்த எண் 108. நூற்றெட்டுப் போற்றி, நூற்றெட்டு விளக்குப் பூஜை, நூற்றெட்டு மணி கோத்த ஜபமாலை என்று எங்கும் அதுவே. தைப்பூசத்துக்கு முதல் நாள் இரதம் வரும் வழியில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் பினாங்கில் எத்தனையோ பேர். நூறு என்பது எண்ணுவதற்கு எளிதாயிற்றே, அதை விட்டு ஏன் நூற்றெட்டு என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அவற்றில் சில உண்மை. சில, நாம் சரிபார்க்காமல் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாங்கிச் சொல்லி வருபவை. நானும் அப்படிச் சொன்னவன்தான். அதைப் பின்னால் ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சங்கின் கதை. சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைச் சோமவாரத்துக்கு முந்திய இரவு, கோயில் மண்டபத்தில் சங்காபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். நெல் பரப்பி, வாழையிலை இட்டு, வரிசைக்குப் பன்னிரண்டாக ஒன்பது வரிசையில் 108 சங்குகள். வலம்புரிச் சங்குக்குத் தனிப் பீடம். எங்கள் வழக்கத்தில் அது இந்தக் கணக்கில் சேராது. இரவு பத்து மணி இருக்கும். சங்குகளைக் கழுவிக்கொண்டிருந்த பையனின் கையிலிருந்து ஒன்று நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து வாயோரம் உடைந்துவிட்டது. பின்னமான சங்கை அபிஷேகத்துக்கு வைக்கலாகாது. மாற்றுச் சங்கும் இல்லை.

"ஒன்றுதானே ஐயா குறைகிறது, வரிசையை மாற்றி அடுக்கினால் தெரியாது" என்றார் தொண்டூழியர்களில் ஒருவர். பத்துப் பத்தாக வைத்தார்கள். பத்து வரிசை போய் ஏழு மிஞ்சியது. பதினொன்றாக ஒன்பது வரிசை வைத்தார்கள், எட்டு மிஞ்சியது. பதின்மூன்றாக எட்டு வரிசை வைத்தபோது மூன்றும், பதினைந்தாக ஏழு வரிசை வைத்தபோது இரண்டும் மிஞ்சின. அரைமணி நேரம் சங்குகள் இங்கும் அங்கும் நகர்ந்தன. "விடியும் வரை அடுக்கினாலும் வராது தம்பி, 107 பகா எண்" என்று சொன்னேன். அந்த அவசரத்தில் அது யாருக்கும் ஆறுதலாக இருக்கவில்லை.

ஒன்று குறைந்தாலும் கூடினாலும்

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதமின்றி வகுபடாத எண். 107 அப்படிப்பட்டதா என்று பார்க்க 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அடுத்த பகா எண் 11. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினாலே 121 ஆகி 107-ஐத் தாண்டிவிடும். ஆகவே அதற்குமேல் தேட வேண்டியதில்லை. நான்கிலும் மீதம் வருகிறது. எனவே 107 சங்குகளை ஒரே நீள வரிசையாக வைக்கலாமே தவிர, சம வரிசைகளாக அடுக்க வழியே கிடையாது.

சரி, ஒன்று கூடி 109 ஆனால்? அதுவும் பகா எண். இப்படி இரண்டு இலக்க வேறுபாட்டில் நிற்கும் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். நம் 108 அப்படி ஓர் இரட்டையின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கத்தார் யாரோடும் சேராதவர், வலப்பக்கத்தாரும் அப்படியே. நடுவில் இருப்பவரோ எல்லாருக்கும் பங்கு கொடுப்பவர். (இத்தகைய இரட்டைகள் முடிவின்றி வந்துகொண்டே இருக்குமா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. 70 மில்லியனுக்கு மிகாத இடைவெளியில் அமைந்த பகா எண் இணைகள் முடிவின்றி உண்டு என்று யிடாங் ஜாங் என்ற கணித அறிஞர் 2013-இல் காட்டினார். பிறகு பலர் கூடி அந்த இடைவெளியை 246 வரை குறைத்துவிட்டார்கள். இரண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.)

108-ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு: 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54, 108. இவற்றைக் காரணிகள் என்கிறோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு வகையில் சம வரிசைகளாக அடுக்கலாம்: ஒரே வரிசை, 2க்கு 54, 3க்கு 36, 4க்கு 27, 6க்கு 18, 9க்கு 12. மண்டபம் நீளமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். விளக்குப் பூஜைக்கு இடம் பார்த்துக் கோலம் போடும் தாய்மார்களுக்கு இது கைவந்த கலை. நூறு விளக்கை மூன்று வரிசையாகவோ ஆறு வரிசையாகவோ ஒன்பது வரிசையாகவோ போட முடியாது.

ஆனால் இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பங்கிட வசதி என்பது மட்டுமே காரணம் என்றால் 108 சிறந்த தேர்வு அல்ல. பன்னிரண்டு காரணிகள் வேண்டுமானால் 60 என்ற சிறிய எண்ணுக்கே அவை உண்டு. சற்று மேலே போனால் 120-க்குப் பதினாறு காரணிகள். அப்படியிருக்க 120-ஐ விட்டு 108-ஐ ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னால் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவி போட்ட கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒருநாள் இந்த 108 பற்றிப் பேச்சு வந்தது. எங்கோ ஒரு சஞ்சிகையில் படித்ததை நான் உற்சாகமாகச் சொன்னேன்: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு சூரியனுடைய விட்டத்தைப் போல் சரியாக 108 மடங்கு, சந்திரனின் தொலைவும் சந்திரனுடைய விட்டத்தைப் போல் 108 மடங்கு, சூரியனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல் 108 மடங்கு. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி ஒரு தாளுடன் வந்தாள். சூரியனின் சராசரித் தொலைவு 149.6 மில்லியன் கிலோமீட்டர். விட்டம் 1,391,400 கிலோமீட்டர். வகுத்தால் 107.5. "கிட்டத்தட்டத்தானே அம்மா" என்றேன். "நீங்கள் சரியாக 108 என்று சொன்னீர்கள் ஐயா" என்றாள். சந்திரனுக்கு 384,400-ஐ 3,475-ஆல் வகுத்து 110.6 என்று எழுதியிருந்தாள். சூரியன், பூமி விட்டங்களின் கணக்கு 109.2. மூன்றில் ஒன்றுகூட 108 இல்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் சொன்ன மற்றதெல்லாமும் இப்படித்தானா ஐயா?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்று விடை சொல்ல நா எழவில்லை. ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தையோ நாயன்மார் வரலாறு வரைக்கும் ஐயப்படத் தொடங்கிவிட்டது.

உண்மையில், இந்தத் தொலைவுகள் நிலையானவையே அல்ல. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லையாதலால், ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் அருகில் வந்து அந்த எண் 105.7 ஆகிறது, ஜூலைத் தொடக்கத்தில் விலகி 109.3 ஆகிறது. இடையில் ஆண்டுக்கு இரு முறை, ஏறத்தாழ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும், 108-ஐக் கடந்து போகிறது. நின்று போவதில்லை. சந்திரனின் எண்ணோ இதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் வெறும் புள்ளிவிவரம் அன்று. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. கிரகண நேரத்தில் சந்திரனின் எண் சூரியனுடையதைவிடக் குறைவாக இருந்தால் சந்திரன் பெரிதாகத் தெரிந்து சூரியனை முழுக்க மறைக்கும். கூடுதலாக இருந்தால் ஓரம் மறையாமல் வளையமாக எரியும். அது கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26 அன்று பிற்பகலில் சிங்கப்பூரில் தெரிந்தது அதுதான். இங்கு பினாங்கில் பகுதி கிரகணமாகவே பார்த்தோம். இரண்டு எண்களும் என்றென்றும் சரியாக 108 என்று உறைந்து நின்றிருந்தால் அந்த வளையத்தை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

சூரியனுடைய பன்னிரண்டும் சந்திரனுடைய இருபத்தேழும்

அதற்கு அடுத்த வாரம் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பிறகு அதே மாணவியைப் பலகைக்கு அழைத்து ஒரு கணக்குக் கொடுத்தேன். "12-ஆலும் வகுபட வேண்டும், 27-ஆலும் வகுபட வேண்டும். அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது?" பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு என்று படிப்பதுதான். 12 என்பது இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும். 27 என்பது மூன்று மூன்றுகள். இரண்டையும் உள்ளடக்க இரண்டு இரண்டுகளும் மூன்று மூன்றுகளும் வேண்டும். நான்கை இருபத்தேழால் பெருக்கினாள். 108 என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். 120-க்குப் பதினாறு காரணிகள் இருந்தும் இங்கே பயன்படாது. அதை 27-ஆல் வகுக்க முடியாது.

ஏன் இந்த 12-உம் 27-உம்? வான்வட்டத்தைச் சூரியன் ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஏறத்தாழப் பன்னிரண்டு மாதங்கள். ஆகவே அதன் வீடுகள் பன்னிரண்டு இராசிகள். சந்திரன் அதே வட்டத்தை நட்சத்திரங்களினூடே 27.3 நாளில் சுற்றுகிறது. ஆகவே நாளுக்கு ஒன்றாக 27 நட்சத்திரங்கள். ஒரே வட்டத்தை ஒருவர் பன்னிரண்டாகவும் மற்றவர் இருபத்தேழாகவும் வெட்டினால் வெட்டுக்கோடுகள் பொருந்தாது; ஓர் இராசிக்கு இரண்டேகால் நட்சத்திரம் வரும். இரண்டு வெட்டும் பொருந்துகிற அளவுக்குச் சிறு துண்டுகளாக்க வேண்டுமானால் குறைந்தது 108 துண்டுகள் தேவை. அந்தத் துண்டுகளைத்தான் பாதம் என்கிறோம். நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், இராசிக்கு ஒன்பது பாதம். இராசியை ஒன்பதாகப் பகுப்பதுதான் சோதிடர்கள் கூறும் நவாம்சம்.

இதில் கால், அரை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. வட்டத்தின் 360 பாகையைக் கலைகளாக்கினால் 21,600 கலை. அதை 108-ஆல் வகுத்தால் ஒரு பாதத்துக்குச் சரியாக 200 கலை. "சரியாக" என்ற சொல்லை இந்த முறை நானும் தயங்காமல் சொன்னேன். அவளும் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

இதை அன்பர்கள் அர்ச்சனைச் சீட்டு எழுதுமிடத்தில் நாள்தோறும் காணலாம். "நட்சத்திரம் கார்த்திகை" என்றால், "மேஷமா, ரிஷபமா?" என்று கேட்பார்கள். அசுவினி என்றால் கேட்பதில்லை. மேஷத்தின் ஒன்பது பாதங்களில் அசுவினி நான்கு, பரணி நான்கு, மீதம் ஒரே இடம். அதில் கார்த்திகையின் முதல் பாதம் மட்டும் நுழைகிறது. கார்த்திகையின் மற்ற மூன்றும், ரோகிணி நான்கும், மிருகசீரிடத்தின் முதல் இரண்டும் சேர்ந்து ரிஷபம். மிருகசீரிடத்தின் பின் இரண்டு, திருவாதிரை நான்கு, புனர்பூசத்தின் முதல் மூன்று சேர்ந்து மிதுனம். புனர்பூசத்தின் கடைசிப் பாதம், பூசம் நான்கு, ஆயில்யம் நான்கு சேர்ந்து கடகம். இங்கே நான்கு இராசிகளும் ஒன்பது நட்சத்திரங்களும் ஒன்றாக முடிந்துவிடுகின்றன. சிம்மத்தில் மகத்திலிருந்து அதே ஒழுங்கு மீண்டும் தொடங்கும். தனுசில் மூலத்திலிருந்து மறுபடியும். மூன்று சுற்றில் வட்டம் நிறைகிறது.

ஆகவே இரு இராசிகளில் பிரிந்து நிற்கும் நட்சத்திரங்கள் ஒன்பதுதான்: கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. இந்த ஒன்பதில் பிறந்தவர்கள் பாதத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மற்றப் பதினெட்டு நட்சத்திரக்காரர்கள் நட்சத்திரத்தைச் சொன்னாலே இராசி தானாக விளங்கிவிடும். திருவிழா நாளில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை நீளும்போது இது சிறு உதவி.

ஜபமாலையிலும் இந்தப் பகுப்புப் பயன்படுகிறது. 108 மணி கோக்க முடியாதவர்கள் 54 அல்லது 27 மணி கோத்து இரண்டு சுற்றோ நான்கு சுற்றோ வருவார்கள். மாலையே இல்லாதவர்களுக்குக் கை இருக்கிறது. கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களில் விரலுக்கு மூன்று கணுவாகப் பன்னிரண்டு கணுக்கள். ஒன்பது முறை வந்தால் நூற்றெட்டு. என் தாயார் அடுப்படியில் நின்றபடியே இப்படித்தான் எண்ணுவார்கள். மாலையில் மேருவாக நிற்கும் மணியைச் சேர்த்தால் 109. அதைத் தாண்டாமல் திரும்பிவிட வேண்டும் என்பது முறை.

ஒரு வெள்ளி எங்கே போயிற்று?

1, 0, 8 கூட்டினால் 9 வருகிறது என்று மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது 108-க்கு மட்டும் உரியதன்று. 117, 126, 135 என்று ஒன்பதால் வகுபடும் எண் எதைக் கூட்டினாலும் ஒன்பதிலோ அதன் மடங்கிலோதான் முடியும். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருகிற பண்பு அது. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதம் ஒன்று, நூறுக்கும் மீதம் ஒன்று. ஆகவே இலக்கங்களைக் கூட்டுவதும் ஒன்பதால் வகுத்து மீதம் காண்பதும் ஒன்றே. நமக்கு எட்டு விரல்கள் மட்டும் இருந்து எட்டு எட்டாக எண்ணும் வழக்கம் வந்திருந்தால் இதே எண்ணை 154 என்று எழுதியிருப்போம், கூட்டினால் பத்து. ஆனால் அப்போதும் ஒன்பது வரிசையாகச் சங்கு அடுக்கலாம். எழுதும் முறையால் வரும் பண்பும் எண்ணிலேயே இருக்கும் பண்பும் வேறு வேறு.

இருந்தாலும் ஒன்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது ஒருமுறை ஓர் இளைஞரின் மானத்தைக் காத்தது. ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், திருவிழா முடிந்த இரவில் நன்கொடைக் கணக்கைச் சரிபார்த்தபோது நோட்டில் உள்ள தொகையைவிடப் பெட்டியில் 72 வெள்ளி குறைந்தது. மூன்று முறை எண்ணினார்கள். ரசீது எழுதியவர் புதிதாகத் தொண்டுக்கு வந்த இளைஞர். யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பையன் தன் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்து வைக்கப் போனார். வைத்திருந்தால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு 72-ஐ ஒன்பதால் வகுத்தேன். எட்டு. மீதமில்லை. கணக்கு எழுதுகிறவர்கள் அறிந்த பழைய உத்தி இது: பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால், வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதால் வகுபடும். மாறியவை கடைசி இரண்டு இலக்கங்கள் என்றால், ஒன்பதால் வகுத்து வரும் ஈவுதான் அந்த இரு இலக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம். எட்டு வித்தியாசமுள்ள இலக்கங்கள் இரண்டு ஜோடிதான் உண்டு: 0-உம் 8-உம், 1-உம் 9-உம். நோட்டில்தான் தொகை அதிகம். எனவே 80 என்றோ 91 என்றோ முடிகிற தொகையைத் தேடச் சொன்னேன்.

நான்காம் பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே 180 வெள்ளி என்றிருந்தது. ரசீதின் அடிக்கட்டையைப் புரட்டினால் 108. யாரோ ஓர் அன்பர் மங்கலமாக இருக்கட்டும் என்று நூற்றெட்டு வெள்ளி கொடுத்திருக்கிறார். ரசீதைப் பார்த்து நோட்டில் ஏற்றியவர் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிவிட்டார். ஏற்றியவர் அந்த இளைஞர் அல்லர், குழுவில் மூத்தவர் ஒருவர். அதன்பின் அங்கே நோட்டிலும் தொகையை எழுத்தால் எழுதும் வழக்கம் வந்தது. நன்கொடை தரும் அன்பர்களும் ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்கு முன் எண்ணையும் எழுத்தையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

1008-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. 108-இன் அண்ணன் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கில் நேர் உறவு இல்லை. 108-ஐ ஒன்பதால் பெருக்கினால் 972. 1008-க்கு இன்னும் 36 வேண்டும். 1008-ஐ 27-ஆல் வகுத்தால் மீதமும் வருகிறது. ஆகவே 1008 சங்குகளை நூற்றெட்டு நூற்றெட்டாகப் பிரித்து வைக்கத் திட்டமிடுகிறவர்கள் ஒன்பது கட்டம் போட்டபின் 36 சங்குக்கு இடம் தேட நேரும். அதற்குப் பதில் 28 வரிசையில் 36 என்று வைத்தால் கச்சிதமாக அமையும். 1008-க்கு முப்பது காரணிகள் உண்டு. அதன் பெருமை வேறு.

கணக்கு வாத்தியார் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த பண்பு இது: ஒன்றை ஒருமுறையும், இரண்டை இருமுறையும், மூன்றை மும்முறையும் எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். 1, 2, 2, 3, 3, 3. விடை 108. இதே வரிசையில் நான்கையும் நான்கு முறை சேர்த்தால் எண் 27,648-க்குத் தாவிவிடும். கையால் எண்ணித் தீராது.

நிறைவான எண் என்று ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு, பலவற்றை அந்த எண்ணுக்குள் நிரல்படுத்துவதும் நம் மரபில் உண்டு. முக்திகோபநிஷத்து இருக்கு வேதத்துக்கு 10, சுக்கில யஜுர் வேதத்துக்கு 19, கிருஷ்ண யஜுர் வேதத்துக்கு 32, சாமத்துக்கு 16, அதர்வணத்துக்கு 31 என்று வகுத்து 108 உபநிடதங்களைச் சொல்கிறது. பகுதிகள் சமமாக இல்லை. கூட்டுத்தொகை மட்டும் சரியாக வருகிறது. வைணவர்களின் திவ்ய தேசங்களோ இந்தியாவில் 105, நேபாளத்தில் ஒன்று. திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடலோடு சென்று சேவிக்க முடியாதவை. ஆகவே எவ்வளவு பொருள் செலவழித்து யாத்திரை போனாலும் 106-க்குமேல் போக இயலாது. நாட்டிய சாஸ்திரம் கூறும் கரணங்களும் 108. சிதம்பரத்துக் கோபுரங்களில் அவை சிற்பங்களாக நிற்கின்றன. 1010-இல் இராசராச சோழன் குடமுழுக்குச் செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், உள்சுற்றின் மேல்தளத்தில் 81 கரணங்கள் மட்டும் செதுக்கப்பட்டுள்ளன. மிச்சமுள்ள 27 கற்கள் வெறுமையாகவே விடப்பட்டுள்ளன. நான்கில் மூன்று பங்கு முடிந்து, ஒரு பங்கு நிற்கிறது. அந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது, "27 என்றால் ஒரு சின்ன ஜபமாலை அளவு ஐயா" என்றாள் அதே மாணவி.

சங்குக்கு வருகிறேன். அன்றிரவு குருக்கள் ஐயா வந்து வெற்றிடத்தைப் பார்த்தார். "வாத்தியாரே, கணக்கெல்லாம் சரி, சங்கு எங்கே?" என்றார். ஆளுக்கொரு பக்கம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மூதாட்டி தம் வீட்டுப் பூஜையறைச் சங்கை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது தம் தாயார் கப்பலில் வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்றார்கள். மற்றச் சங்குகளைவிடச் சிறியது, நிறமும் மங்கியிருந்தது. ஒன்பதாவது வரிசையில் கடைசி இடத்தில் வைத்தோம். அபிஷேகம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது அதில் தீர்த்தம் நிரப்பிக் கொடுத்தார் குருக்கள். சிந்திவிடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்த அம்மா மெல்ல நடந்து போனார்கள்.